தாடைக்குக் கீழ் ஒரு முடிச்சு

நாரின்,
செப்டம்பர் 6

அன்புள்ள ஐசல்கின் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உன் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார். அதனால் இதை மினிபஸ்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

தலையில் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். காது மறைய, தாடைக்குக் கீழ் முடிச்சு. அம்மாவின் பெட்டியில் கிடந்த வெள்ளைத் துணி. யாரும் சொல்லிக் கட்டவில்லை. கோடை முழுக்க குர்ஆனை மொழிபெயர்ப்போடு படித்தேன், புரியாத இடங்களைத் திரும்பப் படித்தேன், பிறகு நானே முடிவு செய்தேன்.

தலைமையாசிரியை ராகிமா வாசலிலேயே மறித்தார். "இது பள்ளிக்கூடம்மா, மசூதி இல்ல. கழட்டிட்டு உள்ள வா."

"பள்ளிக்கூடம் உங்களோடதா இருக்கட்டும் மேடம், தலை என்னோடதுதானே" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது வேலிக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பாடம் கேட்கிறேன். வரலாறு நன்றாகக் கேட்கிறது. வேதியியல் அறை பின்பக்கம், அது போய்விட்டது.

மாதம் முடிவதற்குள் வீட்டுப் பெரியவர் யாராவது வந்து எனக்காகப் பேச வேண்டுமாம். இல்லையென்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். பதினோராம் வகுப்பை முடிக்காமல் பிஷ்கெக் பல்கலைக்கழகம் ஏது? அப்பா, "பிஷ்கெக், பிஷ்கெக்னு நீதானே குதிச்ச? நாலு பேர் முன்னால போய் அந்தத் துணிக்கு வக்காலத்து வாங்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

நீ வா அக்கா. உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை,
பெகாயிம்


செப்டம்பர் 11

பெகாயிமுக்கு,

கழற்று.

உன் கடிதத்தைப் பால் கறக்கும்போது படித்தேன். மாடு உதைத்தது. அதற்கு உன்னைவிட அறிவு இருக்கிறது.

வீட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் தின்றாயே, கடைசியில் உனக்குக் கிடைத்தது ஒரு முழத் துணிதானா? உன் வயதில் என் தலையில் காற்று பட்டது. உன் தலையில் இன்னும் படலாம். அதை மூடி முடிச்சுப் போட்டுவிட்டு, பெரிய சுதந்திரம் என்று எனக்கு எழுதுகிறாய்.

நான் வரமாட்டேன். வந்தால் என் கையாலேயே உருவிப் போடுவேன்.

ஐசல்கின்


நாரின்,
செப்டம்பர் 17

அக்கா,

மாட்டைப் பற்றி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

இங்கே நடந்ததைக் கேள். பள்ளிக் காவலர் ஒரு வழி சொன்னார். "தாடைக்குக் கீழ கட்டினா மதம், பிடரில கட்டினா நம்ம வழக்கம். பின்னால கட்டிக்கிட்டுப் போ பொண்ணு, யாரும் வாயத் திறக்க மாட்டாங்க." பாதி வழிதான், ஆனாலும் வேதியியல் கிடைக்குமே என்று பிடரியில் கட்டிக்கொண்டு போனேன். ராகிமா மேடம் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

வகுப்புதான் விடவில்லை. நம் பெண்கள் அப்படிக் கட்டுவது மருமகளான பிறகுதான் என்பது எனக்கு எப்படி மறந்துபோயிற்று?

"யாருடி உன்னத் தூக்கிட்டுப் போனது? கார்லயா, குதிரையிலயா?"

"எத்தன ஆடு குடுத்தான்? இந்த வாய்க்கு ரெண்டு ஆடே ஜாஸ்தி."

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா கல்யாண வீட்டுக்குச் செய்வது போல் தட்டு நிறைய போர்சோக் ரொட்டி பொரித்துக்கொண்டு வந்துவிட்டார். "ஒரு வார்த்த சொல்லலையே, மாப்பிள்ள யாரு?" மறுநாள், சிறுமியைக் கடத்திக் கல்யாணம் செய்துவிட்டார்களா என்று விசாரிக்கக் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அப்பா ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். நான் முடிச்சை மறுபடி முன்னால் கொண்டுவந்தேன். மறுபடி வேலிக்கு வெளியே நிற்கிறேன். இந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைதான் கெடு.

ஒன்று கேட்கிறேன். நீயும் தினமும் துணி கட்டுகிறாய். அதைக் கட்டிக்கொண்டு மாமியாருக்குக் குனிந்து வணக்கம் வைக்கிறாய். உன்னை யாரும் கழற்றச் சொல்வதில்லை. என்னுடையதை நானே கட்டினேன். உன்னால் அப்படிச் சொல்ல முடியுமா? அவ்வளவு வெறுப்பு இருந்தால் உன் தலையில் போட்ட அன்றைக்கே அதை எறிந்துவிட்டு வந்திருக்கலாமே?

பெகாயிம்


செப்டம்பர் 21

பெகாயிம்,

எறிந்தேன்.

மருந்தாளுநர் கல்லூரியிலிருந்து வரும் வழியில் காரில் இழுத்துப் போட்டார்கள். இந்த வீட்டில் நான்கு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் துணியைத் தலையில் போட்டார்கள். நான் எறிய எறிய எடுத்துப் போட்டார்கள். "உன் நல்லதுக்குத்தான்டி பொண்ணே. நாங்களும் அழுதுகிட்டேதான் வந்தோம்." வாசலுக்கு ஓடினேன். மாமியார் நிலைப்படியில் குறுக்கே படுத்துக்கொண்டார். "தாண்டிப் போ. மூத்தவளத் தாண்டினவ வெளங்கமாட்டா." நான் தாண்டவில்லை. சாபத்துக்குப் பயந்தேன். மருந்து படித்தவள்.

காலையில் அப்பா வருவார் என்று நம்பினேன். வந்தார். தேநீர் குடித்தார். சமாதானத்துக்குக் கொடுத்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். கூட நீயும் வந்திருந்தாய். பதினொரு வயது. என் எதிரில் வந்து நின்று, "அக்கா, வெள்ள உனக்கு நல்லா இருக்கு" என்றாய்.

இப்போது நீ கட்டுவதும் வெள்ளை. எனக்கு இனி எழுதாதே.

ஐசல்கின்


நாரின்,
செப்டம்பர் 24

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

அன்று சொன்னது எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதால் சொல்லாதது ஆகிவிடாது. ஆனால் ஐந்து வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு இப்போது கல்லாக எறிகிறாயே, அதுவும் நியாயமில்லை. அப்பாவிடம் எறிந்திருக்கலாம்.

நேற்று வாசலில் ராகிமா மேடம் என் முடிச்சில் கை வைத்தார். "நானே அவுத்து விடறேன், உன் நல்லதுக்குத்தான்." உன் கடிதத்தில் இருந்த அதே வார்த்தை. அந்த நான்கு பெண்கள் போட வந்தார்கள், இவர் எடுக்க வந்தார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன். இனி அவர் இரங்க மாட்டார்.

வெள்ளைத் துணியை வெங்காயத் தோலோடு கொதிக்கவைத்துச் சாயம் ஏற்றிவிட்டேன். திட்டுத்திட்டாகப் பழுப்பு. அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கழற்ற மாட்டேன். நீ வர வேண்டாம்.

பெகாயிம்


செப்டம்பர் 26

பெகாயிம்,

வெள்ளி காலை மினிபஸ்ஸில் வருகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தத் துணியை இன்னும் வெறுக்கிறேன். உன் ராகிமா மேடத்திடமும் அதையேதான் சொல்வேன். எனக்குப் பிடிக்காது, ஆனால் அவள் தலையில் கை வைக்க நீங்கள் யார் என்று கேட்பேன். அதன் பிறகு அப்பாவைப் பார்க்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியது தனி.

துணி இல்லாமல் வெளியே கால் வைத்தால் திரும்பி வராதே என்கிறார் மாமியார். நிலைப்படியில் படுத்துக்கொள்வாராம். படுக்கட்டும். இந்த முறை தாண்டுவேன்.

ஐந்து வருடமாக நீ என்னைத் துணியோடுதான் பார்த்திருக்கிறாய். பேருந்து நிறுத்தத்தில் ஆள் தெரியாமல் விழிக்காதே. வெறும் தலையோடு இறங்குபவள்தான் நான்.

ஐசல்கின்