மேசைக் கணக்கு

அம்மாவுக்கு,

நேரில் பேச ஆரம்பித்தால் நீ அழுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் கணக்கில் ஃபெயிலானேன். அப்புறம் தினமும் சாப்பாட்டு மேசையில் நீ கொடுத்த கணக்குகளை முட்டி மோதிப் போட்டேன். அடுத்தடுத்த தேர்வுகளில் வகுப்பிலேயே நான்தான் முதல். "விழுந்தா என்ன, எழுந்துட்டா பாரு எம்பொண்ணு" என்று சித்தியிடம் ஃபோனில் பீற்றிக்கொண்டாய். நானும் நம்பினேன்.

எங்கள் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் நீதான். இந்தத் தடவை நீ லீவில் இருந்ததால் வேறு சார் கேள்வித்தாள் தயாரித்தார். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. "உங்கம்மா லீவு, உன் பாடு திண்டாட்டம்தான்டி" என்று பக்கத்து பெஞ்சுக்காரி சிரித்தாள். அப்போதுதான் உறைத்தது. எண்களை மட்டும் மாற்றி, மேசைக் கணக்குகளைத்தான் நீ தேர்வில் வைத்திருக்கிறாய்.

கேட்டதற்கு, "உனக்குத் தைரியம் வரட்டும்னுதான்டி" என்றாய். வந்த தைரியத்தை நீயே பிடுங்கிக்கொண்டாய். நேற்று ஒரு கணக்கு சரியாக வந்தது. எனக்கு வந்ததா, நீ வரவைத்ததா என்று தெரியவில்லை.

ஹெச்.எம்.மிடம் வேறு செக்‌ஷன் கேட்டுவிட்டேன். அங்கே ஃபெயிலானாலும் ஆவேன். அந்த ஃபெயிலாவது என்னுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இனி உன் மகள் மட்டும்.