தாகம் எடுக்காத அம்மாவுக்கு

என் அம்மாவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்திருப்பாய். உன்னை எழுப்பாமல் மெதுவாகப் பேசுகிறேன்.

என் படிப்பு இன்னும் முடியவில்லை. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போட்டோவும் போட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் இன்னொரு செமஸ்டர் பாக்கி. ஏன் என்று அப்பாவிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

யுனிவர்சிட்டியில் மக்கள் தொடர்பு படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று சித்தப்பா எப்படிச் சிரித்தார், நினைவிருக்கிறதா? "வீட்டுக்கு ஆள் வந்தா உள்ள போய் ஒளிஞ்சிக்கும். இது மக்கள்கூட இன்னா தொடர்பு வெச்சிக்கப் போவுது?" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. நீதான் சிரிக்கவில்லை. "அது நல்லா காது குடுத்துக் கேக்கும். படிக்கட்டும் உடு" என்றாய்.

ஒரு நிறுவனத்தின் நல்ல பெயரைக் காப்பது எப்படி என்று வகுப்பில் பாடம் நடந்தபோது எனக்கு உன் முகம்தான் வந்தது. உன் ஷூ கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் கொடுப்பவர்கள், வேலை செய்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும்போதெல்லாம் உன்னைத்தானே முன்னால் உட்கார வைப்பார்கள்? முந்தின நாளே சூப்பர்வைசர் கேள்வியும் பதிலும் சொல்லிக்கொடுத்துவிடுவார். மாற்றிச் சொன்னால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்பார். நீ வீட்டுக்கு வந்து அதை நாடகம் மாதிரி நடித்துக் காட்டுவாய். தண்ணி குடிக்க விடறாங்களா? விடறாங்க சார். பாத்ரூம் போக விடறாங்களா? எப்ப வேணா போலாம் சார். தம்பியும் நானும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

உண்மையில் ஒரு லைனில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே டோக்கன்தான். அதை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் பாத்ரூம் போகலாம். அதனால் வேலை முடியும்வரை நீ தண்ணீரே குடிக்க மாட்டாய். உன் கால் வீங்கி, கிட்னி கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, இத்தனை வருஷமா தண்ணியே குடிக்கலையா என்று டாக்டர் கேட்டார். "தாகமே எடுக்காது சார்" என்று அவரிடமும் அதே சிரிப்போடு சொன்னாய். ஏன்மா? அங்கே எந்த ஆர்டர் போயிருக்கும்?

கடைசி செமஸ்டரில் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி எடுத்து, சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி கிடைத்தது. உன்னுடையது இல்லை, வேறு. போட்டோ எடுத்தேன், மகளிர் தினத்துக்கு முதலாளியின் பேச்சை எழுதிக்கொடுத்தேன். அப்புறம் ஆடிட் வந்தது. பெண்கள் சொல்ல வேண்டிய பதில்களை எளிய தமிழில் எழுதிப் பழக்கிவிடச் சொன்னார் மேனேஜர். எழுதினேன். யோசிக்கவே தேவைப்படவில்லை. எல்லாம் நீ நடித்துக் காட்டிய பதில்கள்தான்.

அன்று மொழிபெயர்க்க வேண்டிய ஆள் வரவில்லை. ஆடிட்டர் டெல்லியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், அவருக்குத் தமிழ் தெரியாது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீயே கூட உக்காரும்மா. நீ ஜாஸ்தி பேச மாட்ட, அதான் நல்லது" என்றார். பெண்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்கள். தையல் லைனில் வேலை செய்யும் நசீமா அக்காவின் முறை வந்தபோது அறைக்குள் ஆடிட்டர், நான், அக்கா, மூன்று பேர் மட்டும்.

அக்கா எல்லாவற்றுக்கும் பழகியபடியே பதில் சொன்னார். பாத்ரூம் கேள்வி வந்ததும் நின்றுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "டோக்கன் ஒண்ணுதான் பாப்பா. அடக்கி அடக்கி ஒண்ணுக்குப் போனாலே எரியுது. நீ இன்னாவாச்சும் நல்லதா சொல்லிடு" என்றார்.

நான் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்ற தைரியத்தில்தான் அவர் உண்மையைச் சொன்னார். ஆடிட்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். என் இடத்தில் நீ இருந்திருந்தால் நல்லதாகத்தான் சொல்லியிருப்பாய். எனக்கும் அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

"அக்கா, நீங்க சொன்னதையே சொல்லவா?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். "சொன்னா ஆர்டர் போய்டுமா?"

"தெரியலக்கா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லு. என் பேரு மட்டும் வேணாம்" என்றார்.

சொன்னேன் அம்மா. குரலும் எழும்பவில்லை, இங்கிலீஷும் சரியாக வரவில்லை. ஆனால் சொன்னேன். பெயர் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

ஆர்டர் போகவில்லை. குறைகளைச் சரிசெய்யச் சொல்லிக் கம்பெனிக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் என் சான்றிதழில் மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. "உன்ன நம்பித்தானேம்மா உள்ள அனுப்பினேன்" என்றார். கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவரும் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தானே. எங்கள் பேராசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு, விதியை மாற்ற முடியாது, வேறு கம்பெனியில் மறுபடி செய் என்றார்.

அதுவரை லாங் பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். நாள் முழுக்க நின்று நின்று சாயங்காலம் கால் மரத்துப்போகிறது. அப்பா கேட்டால் வலியே இல்லை என்கிறேன். பார், எனக்கும் அந்தப் பதில் வந்துவிட்டது.

போன வாரம் நசீமா அக்கா போன் செய்தார். யார் சொன்னது என்று லைன் லைனாகக் கேட்கிறார்களாம். யாரும் வாய் திறக்கவில்லையாம். டோக்கன் மட்டும் கூடியிருக்கிறது. "சூப்பர்வைசர் ஒரே பேஜார் பண்றான் பாப்பா. ஆனா போய்ட்டு வர்றோம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் ஏனோ அழுகை வந்தது.

களைப்பாக இருக்கிறது அம்மா. இந்த மக்கள் தொடர்பு வேலைக்கு நான் சரிப்படுவேனா, தெரியவில்லை. அடுத்த கம்பெனியிலும் ஆடிட் வரும். அங்கே ஓர் ஆர்டர் நிஜமாகவே போய்விட்டால் அந்தப் பெண்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

படிப்பை விட்டுவிட மாட்டேன். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்பேன். எழுதிக்கொடுத்துப் பழக்கச் சொன்னால் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் மறுபடி அப்படி ஒரு கேள்வி வந்து நின்றால், அவள் பேச்சை மாற்றும் முன், சொன்னதையே சொல்லவா என்று அவளைக் கேட்பேன். உன்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை அம்மா.

உன் மகள்,
எஸ்தர்