காலையில் சிவப்பு, மாலையில் பச்சை

நெல்சன்,
ஏப்ரல் கடைசி.

அன்புள்ள தம்பி இயோனே,

நீயும் மலியாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் அண்ணன் எதுவாலேயின் கால் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தாயிற்றா, ஊன்றி நடக்கிறாரா? கேட்கவே எனக்கு வாய் கூசுகிறது. கேட்காமல் இருந்தால் அது இன்னும் கேவலம்.

இங்கே ஃபெய்ஜோவாப் பழம் மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது. எங்கள் பின்னறையில் தங்கியிருந்த காலத்தில் நீதான் வாளியோடு உட்கார்ந்து தின்பாய். இப்போது பொறுக்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் கிரேம் தோட்டத்துப் பக்கமே வருவதில்லை.

எனக்குக் கணினி தெரியாது. ஆனால் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் அந்த அலைநேரச் செயலியை நீயும் கிரேமும் என் சாப்பாட்டு மேசையில்தானே தொடங்கினீர்கள்? யார் ஒரு வரி திருத்தினாலும் சோதனைகள் தானாக ஓடும், சரி என்று பச்சை வந்தால்தான் உள்ளே சேர்க்கலாம் என்று சட்டம் போட்டதும் நீங்கள்தான். தப்பு என்று சிவப்பு வந்துவிட்டால் காபி ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் அதையே குடைவீர்கள். அப்புறம் எந்தெந்த நாட்டிலிருந்தோ நூற்றுக்கணக்கான பேர் வந்து சேர்ந்தார்கள். திருத்தங்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. ஏன் சிவந்தது என்று பார்க்க ஒருவருக்கும் பொறுமையில்லை. பச்சை வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டு என்றாகிவிட்டது.

யாரோ தேதிக் கணக்கைத் திருத்திய நாளிலிருந்து, உன் ஊருக்காக நீ எழுதிய சோதனை அடிக்கடி சிவந்தது. "கிரேம், இது சும்மா சிவக்கல. உள்ள என்னமோ இருக்கு, பாருங்க" என்று நீ தொலைபேசியில் கெஞ்சியது அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது. இந்த மனுஷன், "எனக்குப் பச்சையாத்தான்பா வருது. உன் சோதனைக்குத்தான் கிறுக்கு" என்று சிரித்தார். புதுப் பதிப்பு எங்கே என்று எல்லோரும் நச்சரித்ததும், அந்த ஒரு சோதனையை நிறுத்தி வைத்துவிட்டு வெளியிட்டார். அதை நம்பித்தான் உன் அண்ணன் விடிகாலையில் பவளப்பாறை இடுக்குக்குள் படகை விட்டு, தண்ணீர் போதாமல் பாறையில் மோதிக் காலை முறித்துக்கொண்டார்.

நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சிவப்பாத்தான் இருந்துச்சு" என்று ஒரே வரி எழுதிவிட்டு, செயலியிலிருந்து உன் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

போன வாரம் இவருக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல், ஓட்ஸ் கஞ்சியைத் தொடாமல், உன் சோதனையைக் காலையில் ஓட்டிப் பார்த்தார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. மத்தியானத்துக்கு மேல் ஓட்டினால் பச்சை. செயலிக்கும் சோதனைக்கும் தேதி சொல்லும், எங்கோ ஓடும் கணினி லண்டன் தேதிப்படி நடக்கிறதாம். உங்களுக்கும் எங்களுக்கும் காலை என்றால் அங்கே இன்னும் முந்தின நாள். அதனால் காலையில் பார்த்தவர்களுக்கெல்லாம் செயலி நேற்றைய அலையைக் காட்டியிருக்கிறது. நீ காலையில் வேலைக்கு உட்காருபவன், இவர் ராச்சாப்பாடு முடித்து உட்காருபவர். அவ்வளவுதான் விஷயம். உன் பேச்சைக் கேட்டு ஒரு நாள் காலையில் ஓட்டிப் பார்த்திருக்கக் கூடாதா, பாவி மனுஷன்!

மன்னிப்புக் கேட்க நா எழாத ஜென்மம் என்று உனக்கே தெரியும். நேற்று, உன் அம்மா எங்களுக்குக் கொடுத்தனுப்பிய பாயைச் சுவரிலிருந்து கழற்றி மடித்து வைத்தார். உங்கள் தீவுக்கு, ஆப்பியாவுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. தீங்கு செய்தவன் விடியும் முன் வந்து, தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு அந்த வீட்டு வாசலில் உட்காருவான், வீட்டார் மன்னித்து வந்து பாயை எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டான் என்று உங்கள் ஊர் வழக்கத்தை நீதான் ஒருமுறை சாப்பிடும்போது சொன்னாய். வெள்ளைக்காரன் அப்படி உட்காரலாமா, உங்கள் பெரியவர்கள் தப்பாக நினைப்பார்களா, எனக்குத் தெரியவில்லை. தடுத்துப் பார்த்தேன். "நீ சும்மா இரு ஐலீன். எடுக்கலன்னாலும் பரவால்ல, நான் போய் உக்காரணும்" என்கிறார்.

செயலிக்குத் திரும்பி வா என்று நான் கேட்கவில்லை. உன் அண்ணன் எதுவாலே மறுபடி கடலுக்குப் போக வேண்டும், அதற்குத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் எல்லோருக்கும் என் ஆசிகள்.

இவருடைய வலது முட்டி பழுது, நெடுநேரம் மடக்க முடியாது. உன் மனசு ஆறும்போது ஆறட்டும், அவசரப்படுத்த எனக்கு வாயில்லை. ஆனால் பாயை எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், தம்பி, வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

உன் அக்கா,
ஐலீன்