திங்கட்கிழமை வரை கலா

செப்டெம்பர் 4, வியாழன்

சோளகக் காற்று ஓயவில்லை. வீடெல்லாம் மணல். முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும்.

காலையில் கலா வந்தாள். ஓலைத்தொடுவாயில் குடியிருப்பு, பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். கணவனோடு ஊர் திரும்பி ஒரு வருடம். காது வீங்கி, உதடு கிழிந்து. இரண்டு வயது மகள் மாமியாரிடம், தூக்கிவர விடவில்லையாம்.

“முகாம்ல அடி விழுந்தா பக்கத்து வீட்டுக்காரங்க தகரத்தைத் தட்டுவாங்க டீச்சர். வெக்கப்பட்டு நிறுத்திடுவார். இங்க கத்தினா பனைமரந்தான் கேக்குது.”

சொந்தக் காணி, தனி வீடு. திரும்பியவர்களுக்கு மீள்குடியேற்றக் குழுவில் நாங்கள் பெருமையோடு கொடுத்தவை.

பெண்கள் பாதுகாப்பு இல்லத்துக்குத் தொலைபேசி. இடமில்லை. “திங்கட்கிழமை பாப்பம் ரீச்சர்.” அதுவரை என் வீட்டில்.

செப்டெம்பர் 5, வெள்ளி

பொலிஸ் நிலையம். தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் லீவில். மொழிபெயர்ப்பு நானே. கலா கேட்டது ஒன்றுதான்: பிள்ளை. அதற்கு நீதிமன்றம் போகவேண்டுமாம். செவ்வாய்க்கிழமை இருவரையும் அழைத்துச் சமாதானம் செய்வார்களாம். வீங்கிய காதோடு என்ன சமாதானம்?

பஸ்ஸில், பின் இருக்கையில்:

“ரீச்சருக்குக் குடும்பம் பிரிக்கிறதுதான் வேலை.”

“தான் கலியாணம் கட்டேல்லத்தானே.”

இரண்டாவது உண்மை.

செப்டெம்பர் 6, சனி

பருப்பு கரிந்தது. கலா காலை முழுவதும் தாயோடு தொலைபேசியில். தாய் இன்னும் முகாமில்தான்.

பிற்பகல் வாசலில் மோட்டார் சைக்கிள். கணவன். முன்னால் பிள்ளை. வீடு எப்படித் தெரிந்தது? பிறகு கலாவின் தாயைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

“நான்தாம்மா மருமகனுக்குச் சொன்னேன். இங்கன்னா நாலு பெரியவங்க உக்காந்து, அவனை நல்லாத் திட்டி, சேர்த்து அனுப்புவாங்க. அங்கயும் இருப்பாங்கல்ல?”

இருந்தது நான் ஒருத்தி, ஊன்றுகோலோடு.

“குறை நினையாதேங்கோ ரீச்சர்” என்றான். மிகுந்த மரியாதை.

“பொலிஸில முறைப்பாடு இருக்கு, தம்பி.”

“ஓம், செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே வாறம்.” சிரித்தான்.

பிள்ளை தாயைக் கண்டு கை நீட்டி அழுதது. அவன் இறக்கிவிடவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை.

போகாதே என்றேன். அழும் பிள்ளைக்கு எதிரே என் சொல்லுக்கு என்ன எடை?

செருப்பை மாட்டக் குனிந்தவள் மெதுவாகச் சொன்னாள்: “பகல்லயும் கதவைப் பூட்டிக்கங்க டீச்சர். அவருக்கு இப்ப உங்க வீடு தெரியும்.”

பூட்டினேன்.