சட்டத்துக்குள் மறைந்திருந்த வாள்

ஜெர்மன் அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் செபம் சொல்லிவிட்டே உறையைக் கிழித்த என் அன்பு அப்பாவுக்கு,

நாளை உங்கள் முதலாம் ஆண்டு நினைவு. சமையல் பாதியில் நிற்கிறது. எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. உங்கள் ராசாவை என்ன செய்வது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இங்கே வுப்பர்டால் நகரத்துப் பழைய சாமான் சந்தையில் நீங்கள் வாங்கிய மரப்பலகைப் படம். தலையில் கிரீடம், கையில் பொன்னிறப் பெட்டி. பாலன் யேசுவைத் தேடி வந்த மூன்று ராசாக்களில் ஒருவர் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். விசாவுக்காக அலுவலகம் போகும் தெர்மின் நாள் வரும்போதெல்லாம் அவர் முன்னால் நின்று, "நீரும் ஊர் விட்டு வந்தனீர்தானே ராசா, எங்களை மறந்திடாதையும்" என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

நேற்று உங்கள் பேத்தி அனித்தா துடைப்பதற்காகப் படத்தின் சட்டத்தைக் கழற்றினாள். அது மறைத்திருந்த ஓரத்தில் ஒரு வாள் இருந்தது. கீழே பெயரும் இருந்தது: கார்ல் பேரரசர். கையிலிருந்தது பெட்டியல்ல, அவர் கட்டிய தேவாலயத்தின் சிறு உருவம் என்றாள் அனித்தா.

"ஆகன் நகரத்தில இவரைப் புனிதர் எண்டு கும்பிடுகினம். ஆனா ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முன்னம் இஞ்ச ஞானஸ்நானம் வேண்டாம் எண்ட சாக்சன் சனத்துக்குச் சாவு எண்டு சட்டம் போட்டவர், அப்பா. பள்ளிக்கூடத்தில படிச்சனான். நினைவு நாளண்டு அப்பப்பாவின்ர படத்துக்குப் பக்கத்தில இவரை வைக்கேலாது."

அம்மா விடவில்லை. "அந்த மனுசன் இருவது வருசம் கும்பிட்ட படம். வைக்காட்டி நான் பூசைக்கு வரமாட்டன்."

இருவரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஞானஸ்நானம் வாங்கியதற்காக ஓர் அரசன் வெட்டிய மன்னார்ச் சனத்தின் வழி வந்தவர்கள் நாங்கள் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவர் நீங்கள். வாங்க மறுத்தவர்களை வெட்டியவரிடமா அப்பா, நமக்கு விசா கேட்டீர்கள்? தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஊரில் மறுபடியும் சண்டை. சின்ன மாமா குடும்பம் காட்டுப் பாதையால் வெளிக்கிட்டதாம். பத்து நாளாக ஒரு தகவலும் இல்லை. இன்று காலை என்னையறியாமல் அந்தப் படத்தின் முன் போய் நின்றேன். "எங்களை மறந்திடாதையும்" என்று வாய் திறந்தேன். வாள் கண்ணில் பட்டது. சமையலறைக்குத் திரும்பிவிட்டேன்.

படத்தை எறிய மாட்டேன், உங்கள் கைபட்டது. ஆனால் சட்டத்தை இனிப் போட மாட்டேன். வாள் எல்லோருக்கும் தெரியட்டும். நாளை உங்கள் செபத்தை ராசாவிடம் அல்ல, ஆண்டவரிடமே சொல்வேன்: அந்த வாளுக்குப் பயந்து ஓடிய சாக்சன் சனத்துக்கும், மாமா வீட்டாருக்கும் சேர்த்து.

இன்னும் செபம் சொல்லியே உறை கிழிக்கும்,
உங்கள் மூத்த மகன்.