ரைட்டு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வரிகள் சரிந்திருந்தால் மன்னித்துவிடு. அளவுகோலை வைத்துத்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் சில நாட்களாக என் குரல் என் பேச்சைக் கேட்பதில்லை.

மாடிக் குழாயைச் சரிசெய்தாயிற்று. போன மாதக் கடிதத்தில் 'முயற்ச்சி' என்று எழுதியிருந்தாய். 'ற்' வந்த பிறகு அந்த 'ச்' எதற்கு? எத்தனை முறை சொல்வது?

கண்ணில் 'சிறு சிகிச்சை' என்று எழுதியிருந்தேன் அல்லவா? இடது கருவிழியில் படலம் விழுந்திருந்தது. அதன் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, புண் ஆறும்வரை மெல்லிய லென்ஸ் ஒன்றை மூடிபோல் வைத்தார்கள். வலி பொறுக்கக்கூடியதுதான்.

கண் அழுத்தத்துக்குப் பதினோரு வருடமாக இரண்டு கண்ணிலும் காலையும் மாலையும் சொட்டு மருந்து விடுகிறேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரின் உதவியாளர், "இனிமே காலையில மட்டும் ஒரு சொட்டு போதும்மா, ரைட்டு?" என்றார். நானும் உச்சரிப்புச் சுத்தமாக "ரைட்" என்றேன். சொன்னதை மறுபடி கேட்பது மந்தபுத்திக்கு அடையாளம் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். வலது கண்ணுக்குத்தான் குறைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் வலதுக்கு ஒரு வேளை. இடதுக்கு வழக்கம்போல் இரண்டு வேளை. இடது கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. ஆறுகிற புண் எரியத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

நேற்றுப் போனதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேல்தோல்தான் கண்ணுக்குக் கதவாம். கதவைக் கழற்றிய வீட்டில் மருந்து தட்டாமலே அளவுக்கு மீறி உள்ளே போய்விடுமாம். அதனால்தான் இடதுக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். உதவியாளர் முகம் வெளுத்து, "ஐயோ அம்மா, நான் சொன்னது வண்டி கிளப்புற ரைட்டும்மா! சுரண்டின கண்ணுக்குச் சொல்லிட்டு, சரியான்னு கேட்டேன்!" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அவரைக் குறை சொல்லமாட்டேன். கேட்டிருக்க வேண்டியவள் நான்.

இடது கண்ணின் தோல் இன்னும் மூடவில்லை. அது மெதுவாக மூடிவிடும் என்கிறார்கள். பயம் வலதைப் பற்றித்தான். இத்தனை நாள் நான் நம்பியிருந்த கண் அது. மருந்து குறைந்ததில் அழுத்தம் ஏறிவிட்டது. பக்கப் பார்வை எவ்வளவு போயிற்று, போனது திரும்புமா என்பது வரும் புதன்கிழமைப் பரிசோதனையில் தெரியும். இப்போது சொட்டு விடுவதற்கு முன் எந்தக் கை வலது என்று இரண்டு முறை பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மா! நம்புவாயா?

பரிசோதனைக்குத் துணைக்கு யாராவது வேண்டும் என்றார் டாக்டர். பக்கத்து வீட்டு டீச்சர் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு வேலை இருக்கும், தெரியும்.

போன வாரம் வந்த உன் கடிதம் உறை பிரிக்காமல் மேசைமேல் இருக்கிறது. டீச்சர், "நான் படிச்சுக் காட்டட்டுமா, ஆன்ட்டி?" என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். உன் பிழைகளை ஊரார் பார்க்க வேண்டியதில்லை. நீயே எதிரில் உட்கார்ந்து உரக்கப் படித்தால், காதாலேயே திருத்திவிடுவேன்.

நன்றாக இரு, கண்ணா. உன் கண்களைப் பார்த்துக்கொள்.

உன்
அம்மா