எரிமலைக்கு நான்கு துண்டுகள்

செவ்வாய், இரவு.

ஹவாயிலிருந்து அண்ணன் வீடியோவில் பேசினான். மே மாதம் அம்மாவும் நானும் அங்கே வர வேண்டுமாம். எரிமலைப் பூங்காவைக் காட்டுவானாம்.

"அழுகுன முட்ட மாரி நாத்தம் அடிக்கும்மா. வாயு ஜாஸ்தியானா ரோட்டையே மூடிடுவாங்க."

"அத்த மோந்து பாக்க பிளேன் ஏறி வரணுமா? நம்ம எர்ணாவூர்லயே ஓசில கீதேடா," என்றாள் அம்மா. மூவரும் சிரித்தோம்.

பிறகு கேட்டாள்: "அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"

அண்ணனுக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் அதைப் பார்க்காமல் யாரும் படுப்பதில்லை. தொழிற்சாலை வாயு கசிந்த அந்த இரவில், ஈரத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓடினோம். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதற்காக அப்பா திரும்பிப் போனார். வரவில்லை.

அம்மா பயணத்துக்கு மறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்போதே பெட்டியை இறக்கி, அடியில் துண்டுகளை மடித்து வைத்தாள். அவளுக்கு, எனக்கு, அண்ணனுக்கு. அவற்றின் மேல் அப்பாவின் கட்டம் போட்ட துண்டு.

"இது யாருக்கும்மா?"

"அன்னிக்கி எடுக்காம பூட்டாரு."

படுத்துவிட்டாள். பெட்டி திறந்தே கிடக்கிறது. இன்று கடல் பக்கத்துக் காற்றுதான், மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். இருந்தும் தூக்கம் வரவில்லை.